கத்துகிற எழுத்தில் மாமாவின் பெயர்

மலிவு விற்பனை அறிவித்தல்களைக் கண்டால் எனக்குப் பயம். விலையைக் கண்டு பயப்படுவது எல்லாருக்கும் உள்ள வருத்தம்; என் பயம் எழுத்தைக் கண்டு. தடித்த, கரிய, வலப்பக்கம் சரிந்த ஆங்கில எழுத்துகள் ஒரு கடைக் கண்ணாடியை அடைத்துக்கொண்டு நின்றால், ஐம்பதைத் தாண்டிய நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி தெருவின் மறுகரைக்கு மாறிவிடுவேன். கூட வருகிறவர்கள், அங்கே எனக்குப் பிடிக்காத யாரோ நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். பிடிக்காதவர் அல்ல. பெரிய மாமா.

அப்பா இலங்கையில் அரசாங்கத்துக்கு வரைபடம் கீறியவர். குளம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று மயிரிழைக் கோட்டில் காட்டத் தெரிந்தவர். எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்தபோது, இங்கே குளங்களையும் காடுகளையும் ஏற்கெனவே யாரோ கீறி முடித்துவிட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு தளபாடக் கடையின் விளம்பரப் பகுதியில் இடம் கிடைத்தது. கட்டில் வந்திருக்கிறது, சோபா போகப்போகிறது, இன்றே கடைசி நாள் என்று ஊருக்கு அறிவிப்பது அவருடைய உத்தியோகம். அந்தக் கடைக்கு ஆறு வருடமாகக் கடைசி நாள் வந்துகொண்டே இருந்தது.

அப்போது கணினி இல்லை. எழுத்துகள் தாளில் வரும். எண்ணெய்த் தாள்போல மறுபக்கம் தெரிகிற ஒரு தாள். அதன் அடியில் கரிய எழுத்துகள் வரிசையாக ஒட்டிக்கிடக்கும். வேண்டிய எழுத்தை அட்டையில் சரியான இடத்தில் பொருத்தி, மேலே மழுங்கிய மரக்குச்சியால் உரசினால், எழுத்து தாளை விட்டு அட்டைக்கு வந்துவிடும். தாளில் அது இருந்த இடத்தில் ஒரு மங்கல் மட்டும் மிஞ்சும். அட்டைக்கு வந்ததும் உடனே அங்கே குடியிருக்காது. இன்னொரு தாளை மேலே வைத்து நன்றாகத் தேய்த்து அமர்த்த வேண்டும். அமர்த்தாவிட்டால், மேலே படுகிற எதிலும் தொற்றிக்கொண்டு போய்விடும். கூடு விட்டுக் கூடு பாய்வதைப் பற்றிச் சித்தர்கள் சொன்னதை நான் பிற்காலத்தில் படித்தபோது பெரிதாக வியக்கவில்லை. எங்கள் குசினி மேசையில் அது வாரக் கடைசிகளில் நடந்தது.

மிச்சத் தாள்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். மிஞ்சுவது எப்போதும் அந்தச் சரிந்த தடியன்தான்.

"பார் பிள்ளை," என்று ஒருநாள் விளக்கினார். "புத்தகத்திலை வாற எழுத்துக்கு அடியிலை சின்னச் சின்னப் பாதம் இருக்கும். இதுக்குப் பாதமில்லை. தடிப்பு, சரிவு, அவ்வளவுதான். இது தூரத்திலை நிக்கிறவனைப் பாத்துக் கத்திறதுக்கு. இதாலை கதைக்கேலாது."

எனக்கு எட்டு வயது. பாதம் இல்லாமல் உலவுகிறவை எவை என்று ஒரு தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு இவை எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து நின்றன. பின்னாலிருந்து யாரோ துரத்துவது போல. அல்லது வலப்பக்கத்தில், தாளுக்கு வெளியே, ஏதோ ஒன்று அவற்றை இழுப்பது போல. மேசையில் தாள் கிடந்தால் நான் அதைக் கவிழ்த்துவிட்டுத்தான் சோறு சாப்பிடுவேன்.

நாங்கள் அப்போது நகரத்தின் ஓரத்தில், மல்கிரேவில் இருந்தோம். அந்தப் பக்கத்தில் அன்றைக்கு வீடுகளை விட முட்டைக்கோவாத் தோட்டங்கள் அதிகம். மெல்பேர்ன் முழுவதிலும் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஏழு. அம்மாவுக்கு அது எட்டாம் மாதம். எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையில் இன்னொன்று இருந்தது. அதுவும் எட்டாம் மாதம் வரைதான் இருந்தது. அந்த முறை, நெருங்கிய ஒருவர் இறந்த செய்தி கேட்டு அம்மா மயங்கி விழுந்ததற்கு அடுத்த நாள் அது போய்விட்டது. காரணம் அதுதானா என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு எந்த வைத்தியரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஆகவே அந்தத் தை மாதத்தில், பெரிய மாமா யாழ்ப்பாணத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தபோது, தந்தி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிள்ளைத்தாச்சிக்குச் சாவு சொல்லக்கூடாது என்று தெரிந்த யாரோ அதை அப்பாவின் வேலை இடத்துக்கு அடித்திருந்தார்கள். மாமா அம்மாவின் தமையன். தகப்பன் இல்லாத வீட்டில் அம்மாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஒவ்வொரு கடிதத்திலும் அடுத்த வருடம் வாறன் என்று எழுதுகிறவர். அப்பா அந்தத் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பருப்பில் உப்புக் குறைவு என்று சொன்னார். இவையெல்லாம் நான் பிறகு அறிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பருப்பு மட்டும்.

இறந்தவரின் பெயர் அச்சில் வராமல் யாழ்ப்பாணத்துச் சாவு முடிவதில்லை. அங்கே முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு புத்தகமே அடிப்பார்கள். அப்பா ஏழு குடும்பங்களுக்கும் ஓர் அட்டையாவது அனுப்பத் தீர்மானித்தார். ஒன்று செய்தால் போதும், வேலை இடத்தில் பிரதி எடுக்கலாம். சனிக்கிழமை அம்மா பகல் தூக்கத்துக்குப் போனதும் குசினி மேசையில் உட்கார்ந்தார். கையிலிருந்தது அந்தச் சரிந்த தடியன் ஒன்றுதான். ஓர் இரகசியத்தைச் சொல்ல, கத்துவதற்கென்றே செய்த எழுத்தை எடுத்தார்.

நான் போய் நின்றபோது பெயர் முடிந்திருந்தது. கட்டில் விற்கிற எழுத்தில் மாமாவின் பெயர். கீழே நாலு இலக்கம், ஒரு சின்னக் கோடு, மறுபடி நாலு இலக்கம். அதற்கும் கீழே அப்பாவின் கையெழுத்தில் தமிழில் இரண்டு வரி. எனக்கு அப்போது தமிழ் பேசத்தான் தெரியும்.

"மாமான்ரை பேர்!" என்றேன்.

அப்பா திடுக்கிட்டுப்போனார். "மெல்லக் கதை. அம்மாட்டச் சொல்லப்படாது."

"ஏன் அப்பா? சேர்ப்ரைஸோ?"

அவர் குச்சியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "சேர்ப்ரைஸ்தான்."

எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. சிறுவயதில் எனக்கு எல்லாம் உடனே விளங்கும். அந்த நோய் இன்னும் முழுதாக மாறவில்லை. அந்த எழுத்தில் எதன் பெயர் வந்தாலும் அது வந்திறங்கப்போகிறது என்று அர்த்தம். இலக்கங்கள் பழைய விலையும் புது விலையும். மாமாவுக்கு எதற்கு விலை என்பதுதான் கொஞ்சம் இடித்தது. விமானச் சீட்டாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

அந்த நேரம் பார்த்து அறையில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மேசையின் மறுபாதியில், ஸ்திரிக்கை போடுவதற்காக மடித்த கம்பளியும் அதன்மேல் அப்பாவின் பழைய வேட்டியும் விரித்திருந்தன. அப்பா அட்டையை வேட்டிக்கு அடியில் தள்ளினார். பெயரைத் தேய்த்து அமர்த்த அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதே கணத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வந்து கதவைத் தட்டினார்: கார் கிளம்பவில்லை, தள்ளிவிட ஓர் ஆள் வேண்டுமாம். மறுக்க முடியுமா? அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அம்மா ஸ்திரிக்கையைச் செருகினார். "அப்பான்ரை சேட்டுகளைக் கொண்டா பிள்ளை."

"இண்டைக்கு வேண்டாம் அம்மா."

"ஏன்?"

"வெக்கையாக் கிடக்கு."

"ஸ்திரிக்கை பிடிக்கப்போறது நானோ நீயோ?"

ஐந்து சேட்டுகள். இந்த நாட்டில் தைதான் கோடை; வெளியே வடக்குக் காற்று, அடுப்பைத் திறந்ததுபோல. அம்மா தண்ணீர் தெளித்துத் தெளித்து அழுத்தினார். மேசையின் ஓரத்தில் வயிறு இடிபடாமல் எட்டி எட்டி அழுத்தினார். ஸ்திரிக்கை முன்னும் பின்னும் போகும்போது, அடியில் மாமாவின் பெயர் சூடேறுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்தேன் என்பது பொய். பார்க்க எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் என் கண் வேறெங்கும் போகவில்லை.

கடைசிச் சேட்டு முடிந்தது. அம்மா மடிப்பதற்காக வேட்டியைத் தூக்கினார்.

பாதிப் பெயர் வேட்டியோடு வந்துவிட்டது. கண்ணாடியில் பார்ப்பதுபோலப் புரண்டு, வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் இப்போது இடப்பக்கம் சரிந்து நின்றன. அவை திரும்பி வருகின்றன என்று எனக்குப் பட்டது. போன இடத்திலிருந்து, அதே ஓட்டத்தில், எங்களை நோக்கி.

அம்மா வேட்டியை யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மெல்லிய துணி. மறுபக்கத்திலிருந்து எழுத்துகள் சரியாகத் தெரிந்தன. அதை வாசித்தார். பிறகு அட்டையை எடுத்தார். இலக்கங்கள் அதிலேயே இருந்தன. தமிழ் வரிகளும் இருந்தன. அதையும் வாசித்தார். அவ்வளவு சின்ன இரண்டு வரியை வாசிக்க ஒருவருக்கு அவ்வளவு நேரம் எடுத்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"மாமா வாறார் அம்மா!" என்று கத்திவிட்டேன். "சேர்ப்ரைஸ். அப்பா உங்களிட்டைச் சொல்லவேண்டாமெண்டவர்."

அம்மா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து யாரோ பதில் சொல்லவேண்டும் என்பதுபோலக் காத்திருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் சட்டைக்கு அடியில் வயிறு ஒரு பக்கம் அசைந்தது. அப்போதுதான் மூச்சு விட்டார்.

"அப்பாவோ சொன்னவர், மாமா வாறார் எண்டு?"

"ஓம்." என் வாழ்க்கையின் முதல் முக்கியமான பொய்.

"நல்லது. அப்ப நான் இதைக் காணேல்லை. நீயும் எனக்குச் சொல்லேல்லை. அப்பான்ரை சேர்ப்ரைஸைக் கெடுக்கப்படாது. விளங்கிச்சோ?"

அட்டையைக் கம்பளிமேல் இருந்த மாதிரியே வைத்து, அதேபோல வேறொரு துணியை விரித்தார். பழைய வேட்டியை மடித்தார், மறுபடி மடித்தார், கைக்குட்டை அளவுக்கு மடித்து, சேட்டுகளையும் ஸ்திரிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். சந்தோஷத்தில் அழப்போகிறார் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் எதற்கும் அழுவார்கள்.

அப்பா திரும்பி வந்து, அம்மா இல்லாததை உறுதிசெய்துகொண்டு, துணியைத் தூக்கினார். பெயரில் பாதி இல்லை. தாளிலிருந்து எழுத்து போவது அவருக்குப் பழக்கம். அட்டையிலிருந்து, தானாக, எங்கேயென்று தெரியாமல் போவது பழக்கமில்லை. கம்பளியைத் தட்டிப் பார்த்தார். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"இதிலை ஆரும் தொட்டவையோ?"

"இல்லை அப்பா."

"அம்மா ஸ்திரிக்கை போட்டவவோ?"

"இல்லை."

அவர் நெற்றியைத் துடைத்தார். "வெய்யிலுக்கு உருகியிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேசைப் பக்கம் வெய்யில் எட்டாததை அவரும் கண்டார், நானும் கண்டேன்.

அன்று பின்னேரம் அம்மா வாளியும் துணியுமாகப் பின் அறைக்குப் போனார். அது வீட்டோடு ஒட்டவைத்த அஸ்பெஸ்டஸ் தகட்டு அறை. பழைய பெட்டிகளைத் தவிர அங்கே எவரும் குடியிருந்ததில்லை.

"என்ன செய்யிறீர் இந்த நிலைமையிலை?" என்று அப்பா பதறிக்கொண்டு ஓடினார்.

"சும்மா. ஆரும் வந்தால் படுக்க ஓர் இடம் வேணுமல்லோ."

"ஆர் வரப்போகினம்?"

"அண்ணை எப்பவும் வாறன் வாறன் எண்டுதானே எழுதிறவர்."

அப்பாவின் முகம் எப்படிப் போனது என்பதை நான் பிறகு பல பிரேத வீடுகளில் கண்டிருக்கிறேன், பெட்டிக்குள். துடைக்கும் துணியை அம்மாவிடமிருந்து வாங்கி, மிச்ச நிலத்தை அவரே துடைத்தார். இறந்துபோன ஒருவருக்கு அறை ஆயத்தமாவதைத் தடுக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி உண்மையைச் சொல்வது. அதைச் சொல்ல முடியாது. அதனால் கட்டிலையும் அவரே பூட்டினார்.

திங்கட்கிழமை மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. நீல வான்கடிதம், இறப்பதற்கு முன் தபாலில் போட்டது. அம்மா அதை இரவுச் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்தார். கிணறு இறைத்தாயிற்று, சிவப்பி கன்று போட்டிருக்கிறது, புகையிலை விலை பரவாயில்லை, அடுத்த வருடம் கட்டாயம் வாறன். குரல் எங்கேயும் தடக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கேட்டனீங்களே, வாறாராம்," என்றார் அம்மா.

"ஓம்," என்றார் அப்பா, சோற்றுக் கோப்பையைப் பார்த்து. "பிள்ளை பிறந்தாப்போலை வருவார்."

தம்பி பிறந்தான், முழுசாக, சத்தமாக. பிறந்து நாற்பத்தோராம் நாள், அப்பா அம்மாவைக் கதிரையில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, செய்தியைச் சொன்னார். அம்மா அன்றைக்குத்தான் கேட்டவர்போல அழுதார். மூன்று மாதமாகச் சேர்த்து வைத்ததை எடுத்து அழுதார் என்று இப்போது தோன்றுகிறது. தன் இரகசியம் பிசகாமல் நின்றதில் அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் ஒரு திருப்தி இருந்தது. அவர் போன பிறகு, ஏன் கடைசிவரை சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "அந்த மனுசன் அவ்வளவு பாடுபட்டு மறைச்சது," என்றார். "அதை நான் எப்பிடிக் கெடுக்கிறது?"

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமையை. கடிதம் வந்ததற்கு அடுத்த நாள், மாமா இறந்து எட்டாம் நாள்; ஊரில், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கிற நாள். பள்ளி விடுமுறை. அப்பா வேலைக்குப் போனதும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மீன் கடைக்குப் போய்க் கணவாய் கேட்டார். அந்த நாளில் இந்த நாட்டில் கணவாயைத் தூண்டிலில் குத்தத்தான் வாங்குவார்கள். என்ன மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்று கடைக்காரர் விசாரித்தார். அம்மா சிரித்தார்.

வந்து சமைத்தார். கணவாய்க் கறி, முட்டைப் பொரியல், வாழைக்காய், வடை, பாயாசம். ஒருநாளும் ஒன்றாகச் சமைக்காத எல்லாவற்றையும் ஒன்றாகச் சமைத்தார். எதையும் உப்புப் பார்க்கவில்லை. என்னையும் தொட விடவில்லை. பின் அறையில் சின்ன மேசை போட்டு, எல்லாவற்றையும் ஒரு கோப்பையில் படைத்து, பக்கத்தில் செம்பில் தண்ணீரும், அப்பா பிரித்திராத புது வேட்டியும், எங்கேயோ ஒளித்து வைத்திருந்த ஒரு சுருட்டும் வைத்தார். கதிரையை மேசைக்கு இழுத்துவிட்டார். விளக்கொன்று கொளுத்தினார், நட்ட நடுப் பகலில்.

"மாமா இண்டைக்கோ வாறார்?"

"ஓம் பிள்ளை."

"பிளேன் எத்தினை மணிக்கு?"

அம்மா என்னை வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார். நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். நாற்பது பாகை வெய்யில். தகட்டுச் சுவர் சூட்டில் டிக் டிக் என்று வெடித்துக்கொண்டிருந்தது. அதற்குள், சுவர் வெடிக்கிற சத்தமல்லாத ஒன்றும் கேட்டது. ஒருவர் உட்கார்ந்தால் கதிரை முனகுகிற சத்தம். நான் அம்மாவின் சட்டையைப் பிடித்தேன். பெட்டியைக் காணவில்லை, காரைக் காணவில்லை, மணி அடிக்கவில்லை; மாமா எந்த வழியாக உள்ளே போனார் என்று கேட்க நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. அவர் கதவில் உள்ளங்கையை வைத்து நின்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறதுபோல.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பிறகு அம்மா கதவோடு முகத்தை வைத்து, மெல்ல, உள்ளே இருந்தவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"வடிவாச் சாப்பிட்டிட்டுப் போங்கோ அண்ணை."

எனக்கு அது பிழையாகப் பட்டது. எங்கள் வீட்டில் யாரும் போங்கோ என்று சொல்வதில்லை. தபால்காரனுக்குக் கூட அம்மா போட்டு வாங்கோ, போய்விட்டு வாருங்கள், என்று தமிழில் சொல்லித்தான் அனுப்புவார். பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது போறன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு எத்தனை நாள் பேச்சு வாங்கியிருக்கிறேன்! இப்போதோ, இவ்வளவு தூரத்திலிருந்து வந்த சொந்தத் தமையனுக்கு.

"அம்மா," என்றேன், "போட்டு வாங்கோ எண்டெல்லோ சொல்லோணும்?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நெற்றியில் ஒட்டியிருந்த என் மயிரை ஒதுக்கிவிட்டார்.

"ஓம் பிள்ளை," என்றார். "மறந்துபோனன்."

ஆனால் திருத்திச் சொல்லவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய், கோப்பையிலிருந்த சோற்றைக் குழைத்து எனக்கு ஒரு வாய் தந்தார், தானும் ஒரு வாய் சாப்பிட்டார். வளர்ந்த ஆள் ஒருவரின் பிழையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில், கணவாய்க் கறியோடு, அன்றைக்கு நான் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.